தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குக் குடும்பத்தோடு முதன்முறை போகிறவர்களுக்கு

கொழும்புக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பங்கள், பிள்ளைகளை முதலில் எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று கேட்டால், அநேகமானோர் சொல்வது காலிமுகத்திடலையும் தெஹிவளை மிருகக்காட்சிசாலையையும்தான். காலிமுகத்திடலுக்கு ஒரு பட்டமும் கொஞ்சம் காற்றும் போதும். மிருகக்காட்சிசாலைக்கு அப்படியல்ல. காலை பத்தரைக்கு ஆறுதலாக வீட்டைவிட்டு வெளிக்கிட்டு, உச்சி வெயிலில் உள்ளே நுழைந்து, உறங்கும் சிங்கத்தின் முதுகைப் பார்த்துவிட்டு, அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வரும் குடும்பங்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். என் இரண்டு பிள்ளைகளோடும் அவர்களுடைய அம்மம்மாவோடும் ஊரிலிருந்து வரும் உறவினரோடும் பல தடவைகள் அங்கே போய்வந்ததில் நான் கற்றுக்கொண்டது, குறைவான மிருகங்களைப் பார்க்க வேண்டும், ஆனால் ஒவ்வொன்றின் முன்னாலும் நீண்ட நேரம் நிற்க வேண்டும் என்பதுதான். கீழே எழுதியிருப்பவை எல்லாம் அதற்கான ஏற்பாடுகளே.

1. நாளைத் தெரிவு செய்தல்

போயா நாட்களையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறைகளையும் முடிந்தவரை தவிருங்கள். அந்நாட்களில் கூட்டின் முன்னால் பெரியவர்களின் முதுகைத் தவிர வேறெதுவும் சிறு பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாது. பெற்றோரில் ஒருவருக்கேனும் வேலைநாளில் விடுப்பு எடுக்க முடியுமானால் அதுவே நல்லது. வேலைநாட்களிலும் வெளி மாவட்டங்களிலிருந்து பாடசாலைச் சுற்றுலா பஸ்கள் வந்து சேர்வதுண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகள் வரிசையாக வந்து வரிசையாகவே கடந்து போய்விடுவார்கள், பத்து நிமிடம் ஓரமாக நின்றால் இடம் வெறுமையாகிவிடும்.

மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கொழும்பில் மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலை வெளுத்திருந்தாலும் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். டிசம்பர் இறுதியிலிருந்து மார்ச் வரைதான் ஓரளவு நம்பிக்கையான காலம். எந்த மாதமானாலும் காலையில் போய் மதியம் இரண்டு மணிக்குள் திரும்புவதாகத் திட்டமிட்டால், வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் ஒருசேரத் தப்பலாம்.

பிள்ளைகளில் யாருக்காவது தடிமனோ இருமலோ காய்ச்சலோ இருந்தால் பயணத்தை அடுத்த கிழமைக்கு ஒத்திவையுங்கள். இதை நான் பிள்ளைக்காக மட்டும் சொல்லவில்லை. மனிதரைப் பிடிக்கும் சுவாச நோய்கள் சிம்பன்சிகளையும் பிடிக்கும். நமக்கு மூன்று நாள் மூக்கடைப்பாகப் போகிற ஒன்று அவற்றுக்கு உயிராபத்தாகவும் முடியலாம்.

2. முதல் நாள் இரவு

இன்ன மிருகத்தைக் காட்டுவேன் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். தேசிய விலங்கியல் திணைக்களத்தின் கீழ் தெஹிவளை மாத்திரமல்ல, பின்னவலை யானைகள் சரணாலயமும் 2015இல் திறக்கப்பட்ட பின்னவலை மிருகக்காட்சிசாலையும் 2016இல் திறக்கப்பட்ட ரிதியகம சபாரிப் பூங்காவும் இருக்கின்றன. மிருகங்கள் இவற்றுக்கிடையே இடம் மாற்றப்படுவது வழக்கம். சென்ற வருடம் இருந்தது இந்த வருடம் இருக்க வேண்டுமென்பதில்லை. சிகிச்சைக்காக உள்ளே அடைத்து வைத்திருக்கவும் கூடும். “என்னென்ன இருக்கிறதென்று நாளைக்குப் போய்ப் பார்ப்போம்” என்று மட்டும் சொல்லி வைத்தால், அடுத்த நாள் ஏமாற்றமே வராது.

பையில் வைக்க வேண்டியவை: ஒவ்வொருவருக்கும் ஒரு தண்ணீர்ப் போத்தல், தொப்பி, ஒரு பெரிய குடை, ஈரத்துணி, சிறிய சவர்க்காரத் துண்டு, சின்னப் பிள்ளைக்கு மாற்றுடுப்பு. நுளம்பு விரட்டும் களிம்பை மறந்துவிடாதீர்கள். டெங்கைப் பரப்பும் நுளம்பு இரவில் அல்ல, பகலில்தான், அதிலும் காலையிலும் மாலையிலுமே கூடுதலாகக் கடிக்கும். மரநிழலும் நீர்த்தொட்டிகளும் உள்ள இடத்தில் கால் முழுவதையும் மூடும் மெல்லிய பருத்தி உடுப்பே பிள்ளைகளுக்கு உகந்தது. புதுச் சப்பாத்து வேண்டாம். பழகிய செருப்போ கன்வஸ் சப்பாத்தோ போதும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, குழம்பு வழியும் எதையும் கட்டாதீர்கள். எங்கள் வீட்டில் ரொட்டியும் இடித்த சம்பலும், அவித்த முட்டை, இதரை வாழைப்பழம், கொஞ்சம் பயற்றம் பணியாரம். இவற்றை மூடி இறுக்கமான பெட்டியில் வைத்துக் கொண்டு போவோம். கொழும்புக் காகங்கள் பிள்ளையின் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும் வல்லமை உடையவை என்பதை ஊரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. ஆகவே கூரையுள்ள இடத்தில் இருந்து, பெட்டியை மடியில் வைத்துச் சாப்பிடுவதே பாதுகாப்பு. பொலித்தீன் உறைகளைக் கொண்டு போகாமல் விட்டால், காற்றில் பறந்து கூட்டுக்குள் விழுந்து ஒரு மானின் வயிற்றுக்குள் போகிற ஆபத்தும் இல்லை.

3. போகும் வழி

கோட்டையிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீற்றர். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ இருப்பவர்கள் காலி வீதியில் 100 அல்லது 101 இலக்க பஸ்ஸில் ஏறி தெஹிவளைச் சந்தியில் இறங்கி, அங்கிருந்து உள்நாட்டுப் பக்கமாக ஒரு முச்சக்கரவண்டி பிடித்தால் சில நிமிடங்களில் வாசலுக்குப் போய்விடலாம். ஏறுமுன் மீற்றர் இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது செயலியில் பதிவு செய்யுங்கள்.

ஆனால் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது புகையிரதத்தைத்தான். கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கோட்டைக்கு வந்து கரையோரப் பாதையில் ஏறலாம்; கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, அடுத்தது தெஹிவளை. காலையில் அலுவலகக் கூட்டம் கோட்டையை நோக்கியே வருமாதலால், எதிர்த்திசையில் போகிற உங்களுக்கு இருக்க இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். போகும்போது கடல் வலது கைப்பக்கம். ஒரு பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைக்கும் யன்னலோரச் சண்டை வராதபடி, போகும்போது ஒருவர், வரும்போது மற்றவர் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். வாசற்படியில் தொங்கிக்கொண்டு வரும் இளைஞர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் அங்கே போக ஆசைப்படுவார்கள். இறங்கும் நிலையம் வரும்வரை கதவுப்பக்கம் அவர்களை விடவே வேண்டாம். தெஹிவளை நிலையம் கடற்கரையோரம் இருப்பதால் காலி வீதியைக் கடந்துதான் மறுபக்கம் போக வேண்டும். பாதசாரிக் கடவையில் மாத்திரம், பிள்ளைகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடவுங்கள். விரலைப் பிடித்தால் நழுவிவிடும்.

4. வாசலில்

காலை 8.30க்கு வாசல் திறக்கும் வேளையிலேயே அங்கே நிற்பது நல்லது. இலங்கையருக்கும் வெளிநாட்டவருக்கும் நுழைவுக் கட்டணம் வேறுவேறு. ஆகவே தேசிய அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதானால், அவரிடம் இரட்டைப் பிரசாவுரிமை இருந்தால் அதற்கான ஆவணத்தை எடுத்து வரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வெளிநாட்டவர் கட்டணத்துக்கு ஆயத்தமாக இருக்கச் சொல்லுங்கள். வாசலில் நின்று அதைப் பற்றி வாதாடுவதில் அரை மணித்தியாலம் போய்விடும், காலையில் அந்த அரை மணித்தியாலம்தான் விலைமதிப்பற்றது. சில்லறைக் காசும் வைத்திருங்கள்.

உள்ளே போனதும் முதலில் மலசலகூடம். அதன் பிறகு, பிள்ளை கைவிட்டுப் போனால் என்ன செய்வதென்பதை அந்த இடத்திலேயே பேசி முடிக்க வேண்டும். பல வருடங்களுக்கு முன் வேறொரு நெரிசலான பொது இடத்தில் என் மகன் ஐந்து நிமிடம் காணாமற் போனான். அவன் என்ன நிறச் சேட்டு அணிந்திருந்தான் என்று கேட்டார்கள், எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து எங்கு போனாலும் வாசலில் வைத்து ஒவ்வொரு பிள்ளையையும் முழு உருவமாகக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். என் இலக்கத்தை ஒரு கடதாசியில் எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுகிறேன். “அம்மாவைக் காணாவிட்டால் தேடி ஓடக் கூடாது, நின்ற இடத்திலேயே நில், சீருடை போட்டவரிடம் கடதாசியைக் காட்டு” என்பதைப் பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை நாங்கள் உள்ளே நடக்கத் தொடங்குவதில்லை. வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பிள்ளைக்கு, தன் பெயரையும் அம்மா, அப்பாவின் பெயரையும் சிங்களத்தில் சொல்லவும் பழக்கி வையுங்கள்.

5. எதை எப்போது பார்ப்பது

இந்த இடம் சிறியது. யோன் ஹேகன்பெக் என்ற ஜெர்மானிய விலங்கு வியாபாரி, ஐரோப்பாவுக்குக் கப்பலில் அனுப்புவதற்கு முன் மிருகங்களைத் தங்க வைத்திருந்த இடமே இதன் தொடக்கம்; அவருடைய நிறுவனம் மூடப்பட்டபின் 1936இல் அரசாங்கம் இதைப் பொறுப்பேற்றது. சிறியதாக இருப்பது சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஒரு வாய்ப்பென்றே நான் கருதுகிறேன். களைத்துப்போனால் எங்கிருந்தும் வாசலுக்குத் திரும்பிவிடலாம். எனினும் ஏறி இறங்க வேண்டிய பாதைகளும் உண்டு. முழங்கால் வலியுள்ள பெரியவர்களை எல்லா இடமும் இழுத்தடிக்காமல், நிழலான ஒரு இருக்கையை முதலிலேயே கண்டுபிடித்து, அதைக் குடும்பத்தின் தங்குமிடமாக்கிக்கொள்ளுங்கள்.

வாசலுக்கருகில் கிடைக்கும் கூட்டிலிருந்து வரிசையாகத் தொடங்குவதே எல்லோரும் செய்யும் பிழை. வெயிலின் போக்குக்கு ஏற்ப வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் ஒன்றரை மணித்தியாலத்தைச் சிறுத்தைக்கும் சிங்கத்துக்கும் யானைக்கும் ஒதுக்குங்கள். பெரிய பூனையினங்கள் நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிப்பவை. காலைக் குளிர்ச்சியில்தான் எழுந்து நடக்கும், முகரும், சோம்பல் முறிக்கும். பத்து மணிக்குப் பின் அவற்றின் வால் மட்டும்தான் அசையும்.

சிறுத்தையின் முன்னால் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. நமது கொடியில் சிங்கம் இருந்தாலும் இலங்கைக் காட்டில் சிங்கம் இல்லை, வரிப்புலியும் இல்லை. இங்குள்ள காடுகளில் மற்றெல்லா வேட்டை விலங்குகளுக்கும் மேலாக இருப்பது சிறுத்தைதான், அதுவும் இந்தத் தீவுக்கே உரிய ஒரு துணையினம். அதன் உடம்பிலிருப்பவை வெறும் புள்ளிகளல்ல, உடைந்த வளையங்கள் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள்.

யானைக்கு ஆகக் குறைந்தது இருபது நிமிடம் கொடுங்கள். தும்பிக்கை நுனியைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஆசிய யானைக்கு அங்கே மேற்புறத்தில் ஒரேயொரு விரல் போன்ற முனைதான் உண்டு, ஆபிரிக்க யானைக்கு இரண்டு. காதோரத்திலும் தும்பிக்கையிலும் இளஞ்சிவப்பாக நிறம் வெளிறியிருப்பது நமது யானைகளில் நன்றாகத் தெரியும். ஒருமுறை ஒரு யானை புல்லுக் கத்தையை எடுத்து, உடனே வாயில் வைக்காமல் முன்னங்காலில் இரண்டு மூன்று தடவை அடித்து, வேரிலிருந்த மண் உதிர்ந்தபின் வாய்க்குள் விட்டது. “அம்மா, அது கழுவிச் சாப்பிடுது” என்றாள் என் மகள். அன்று அவள் பார்த்தவற்றுள் இன்றும் மறவாமல் சொல்வது அதைத்தான். ஐந்து நிமிடத்தில் அடுத்த கூட்டுக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தால் அதை நாங்கள் கண்டிருக்க மாட்டோம்.

ஒன்பதரை, பத்து மணியளவில் வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக்குப் போகலாம். வண்ணத்துப்பூச்சிகளுக்கு இறகு சூடேறினால்தான் பறக்க வரும். மேகம் மூடிய நேரத்தில் அவை இலைக்கடியில் ஒதுங்கிவிடும். முதலைகள் வெயில் காயும் நேரமும் இதுவே. வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும் முதலையைக் கண்டு, அது பொம்மை என்று சண்டை பிடிக்கும் பிள்ளைகள் உண்டு. உடற்சூட்டைத் தணிப்பதற்காகவே அது பெரும்பாலும் அப்படி வாய் திறந்து கிடக்கிறது.

பதினொன்றரைக்குப் பின் கூரைக்குக் கீழே போய்விட வேண்டும். மீன்காட்சியகத்தையும் பாம்புகள் இருக்கும் பகுதியையும் இதற்காகவே கடைசிவரை வைத்திருக்கச் சொல்கிறேன். பாம்புகளின் முன்னால் பெரியவர்கள் முகத்தைச் சுளிக்காமலிருப்பது முக்கியம். பயத்தைப் பிள்ளைகள் நம்மிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள். ஊரில் வெங்கிணாந்தி என்றும் புடையன் என்றும் அம்மம்மாமார் சொல்லும் பெயர்களை இங்கே சொல்லிக் கொடுங்கள். பெயர்ப்பலகையில் மலைப்பாம்பு என்றும் விரியன் என்றும் இருப்பதும் வீட்டில் பேசுவதும் ஒன்றுதான் என்று தெரியும்போது, கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் பாம்பு பிள்ளைக்குச் சற்று அறிமுகமானதாகிவிடுகிறது. ஒருநாள் ஒரு வெங்கிணாந்தியின் கண்கள் பால் ஊற்றியதுபோல் நீலம் கலந்த வெண்மையாக இருந்தன. குருடு என்றே நாங்கள் நினைத்தோம். அங்கு நின்ற பராமரிப்பாளர் ஒருவர், தோல் கழற்றப்போகிறது, சில நாளில் கண் தெளிந்துவிடும் என்றார். கண்ணை மூடியிருக்கும் செதிலும் தோலோடு சேர்ந்தே கழலும் என்பது எனக்கும் அன்றுதான் தெரிந்தது. பராமரிப்பாளர்களிடம் மரியாதையாகக் கேள்வி கேளுங்கள். உணவு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் வேளையில் மட்டும் மறிக்காதீர்கள்.

இவ்வளவுக்கே மதியமாகிவிடும். விட்டுப்போன கூடுகள் பல இருக்கும், இருக்கட்டும்.

6. கூட்டின் முன்னால்

மிருகங்களுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம். ஒரு வாழைப்பழம்தானே என்று தோன்றும். உங்களுக்கு முன்னும் பின்னும் வருகிற நூறு குடும்பங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். அவற்றின் உணவு அளந்து கொடுக்கப்படுவது, நாம் எறிகிற பிஸ்கட்டுக்கு அதில் இடமில்லை.

கண்ணாடியைத் தட்டவும் விடாதீர்கள். மீனின் இரு விலாவிலும் தலையிலிருந்து வால்வரை ஓடும் கோட்டில், நீரின் மிகச் சிறிய அதிர்வையும் உணரும் புலன் இருக்கிறது. பாம்புக்கு வெளிக்காது இல்லாவிட்டாலும் அதிர்வு உடம்பெங்கும் தெரியும். இதை விளக்கிச் சொன்னால் நான்கு வயதுப் பிள்ளையும் கையை எடுத்துவிடும். விளக்காமல் அதட்டினால் நாம் திரும்பியதும் மீண்டும் தட்டும். குரங்குகளைப் பார்த்துக் கத்துவதும் பழிப்புக் காட்டுவதும் பெரும்பாலும் பெரியவர்கள் தொடங்கி வைப்பவை. கைத்தொலைபேசியின் ஒளியை அணைத்துவிட்டே படம் எடுங்கள்.

சில மிருகங்கள் கூட்டுக்குள் ஒரே கோட்டில் போவதும் வருவதுமாக இருப்பதைப் பிள்ளை கவனிக்கும், “ஏன் இது இப்படியே நடக்குது?” என்று கேட்கும். உலகெங்கும் அடைத்து வைக்கப்பட்ட விலங்குகளிடம் காணப்படும் நடத்தை இது. காட்டில் பல மைல் நடக்க வேண்டிய உடம்புக்குச் சிறிய இடம் போதாமலிருப்பதைத்தான் அது காட்டுகிறது. அது விளையாடுகிறது என்று பொய் சொல்லாதீர்கள். இடம் போதவில்லை, அதனால் நடக்கிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள். என் மகன் அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான், பிறகு சிறுத்தைகள் வாழும் வில்பத்துக் காட்டிலும் இப்படியா இருக்கும் என்று கேட்டான். அங்கே அதற்கு வேலி இல்லை என்றேன். இப்படியொரு பேச்சுக்கு இடம் கொடுப்பதனாலேயே, மனச்சங்கடம் இருந்தும், நான் பிள்ளைகளை இங்கே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

7. திரும்பும் வேளை

சாப்பிடுமுன்னும் வெளியே வருமுன்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வையுங்கள்; கம்பிகளையும் கைப்பிடிகளையும் எத்தனையோ கைகள் தொட்டிருக்கும். விளையாட்டுப் பொருள் விற்கும் இடங்களில் என்ன வாங்கலாம், எவ்வளவுக்கு வாங்கலாம் என்பதைக் காலையிலேயே சொல்லி வைத்திருந்தால், களைத்த பிள்ளையோடு அந்நேரத்தில் வழக்காட வேண்டி வராது.

ஒரு மணிக்கு முன்னரே வெளியே வந்தால், பாடசாலை விட்ட நெரிசல் காலி வீதியில் தொடங்குமுன் தெஹிவளை நிலையத்துக்குப் போய்ச் சேரலாம். திரும்பும்போது கடல் இடது கைப்பக்கம் வரும். காலையில் பேசிக்கொண்டபடி அடுத்த பிள்ளையின் முறை இதுதான். ஆனால் வெள்ளவத்தை வருவதற்குள்ளேயே அது உறங்கிவிடவும் கூடும். பிற்பகல் வெயில் அந்தப் பக்கத்து யன்னலால்தான் நேரே முகத்தில் அடிக்கும் என்பதால், குடையையோ தொப்பியையோ பைக்குள் அடியில் வைத்துவிடாமல் கையில் வைத்திருங்கள்.